கிழமை எழுதிய முட்டைகள்

இந்தத் தீவில் முட்டை விற்கிற அத்தனை பேரும் அதன் வயதைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள். சிலர் தெரிந்தே சொல்கிறார்கள், பலர் தெரியாமல் சொல்கிறார்கள். சொல்வது மட்டும் நிற்பதில்லை.

இன்று காலை அபர்டீன் பஜாரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிர்க்கடையில் கோழிமுட்டை அட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் எங்கோ ஒன்று உடைந்திருக்க வேண்டும். அந்த நாற்றம் சாலையைக் கடந்து வந்து மூக்கில் ஏறியது. கடைக்காரர் அதைக் கண்டுகொள்ளாமல் கரும்பலகையில் சாக்பீஸால் இந்தியில் எழுதினார்: தாஜா அண்டா. புது முட்டை. நான் தனியாக நின்று சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண் கைப்பையை இறுக்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனாள்.

நீ இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பாய். இந்த வார்த்தையை எனக்குப் பிரித்துப் போட்டவள் நீதானே. இதே கடை வாசலில், இதே பலகையைக் காட்டி, "இந்தியில தாஜான்னா புதுசு. தமிழ்ல தாஜான்னா என்னா? நைஸா பேசிக் கவுக்குறது. அவென் தமிழ்லதான் எழுதி வெச்சிருக்கான் புள்ள, நீ இந்தின்னு நெனச்சுப் படிக்கிற" என்றாய். கொஞ்ச தூரம் நடந்த பிறகு மறுபடி நின்றாய். "தாஜா அண்டா. அண்டா நெறைய தாஜா." அன்று வீடு போய்ச் சேரும்வரை சிரித்தோம். உன் கால்கள் இரண்டும் வீங்கியிருந்த நாள் அது.

மின்னி பேயில் ஒரு வங்காளி அம்மாளின் வீட்டுக் கீழ்த்தளத்தை நாம் பங்கு போட்டுக்கொண்டு நான்கு வருடம் இருந்தோம். நான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் தினக்கூலி. நீ பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். உன் தாத்தாவை இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கினார்கள். நம் இருவருக்கும் வயது ஒன்று, கோபமும் ஏறக்குறைய ஒன்று. என்னுடையது வாயில் இருந்தது. உன்னுடையது கையில் இருந்தது.

இருபத்துமூன்று வயதில் உன் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தின. வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் படுக்க வேண்டும் என்றார்கள். கிடைத்தது இரண்டு நாள். செவ்வாய், வெள்ளி. இயந்திரம் அழுக்கோடு சேர்த்து உடம்பின் சத்தையும் எடுத்துக்கொண்டுபோகும், அதை ஈடுகட்ட முட்டை சாப்பிட வேண்டும், வெள்ளைக்கரு மட்டும், நன்றாக அவித்து, என்று உனக்குச் சொல்லப்பட்டது. மஞ்சள் உனக்கு ஆகாது. நீ ஒழுங்காகத்தான் சாப்பிட்டாய். ஒருநாள் கடையில் வாங்கிய முட்டை ஒன்று உன்னைப் பதினோரு நாள் படுக்கையில் போட்டது. வாந்தி, பேதி, குளிர்காய்ச்சல். இன்னொரு முறை இப்படி வந்தால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். நான் உன்னிடம் சொன்னேன். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அன்றிலிருந்து உனக்கு நல்ல முட்டை மருந்து, கெட்ட முட்டை விஷம். இரண்டுக்கும் ஓடு ஒரே மாதிரி இருப்பதுதான் பிரச்சினை.

"நீ கப்பல் ஆபீஸ்லதான இருக்க, கணக்குப் போடு" என்று ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாய். போட்டோம். மெயின்லேண்டில் கோழி இட்ட முட்டை லாரியில் துறைமுகம் வருகிறது. அங்கே கப்பலுக்குக் காத்திருக்கிறது. கடலில் மூன்று நாள், நான்கு நாள். மழைக்காலத்தில் கப்பல் எப்போது புறப்படும் என்று கப்பலுக்கே தெரியாது. இங்கே இறங்கிக் கிடங்கில் கிடந்து கடைக்கு வருகிறது. இங்கேயும் பண்ணைகள் இருக்கின்றன, ஆனால் அந்த முட்டை தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறது. மற்ற எல்லோரும் கடையில் கேட்பது ஒரே கேள்வி: எந்தக் கப்பல்? நேற்றைய கப்பல் என்றால் முகம் மலர்ந்துவிடும். நானும் அப்படித்தான் கேட்டு வாங்கியிருந்தேன், உன்னைப் படுக்கையில் போட்ட அந்த முட்டையை. கப்பல் கரை சேரும் நாளை முட்டையின் பிறந்தநாளாக வைத்திருக்கிற ஊர் நம்முடையது.

நீ காகிதத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "கப்பலா புள்ள முட்டை போட்டுச்சு?"

அவ்வளவுதான் சொன்னாய். என் மேல் பழி போடவில்லை. அடுத்த வாரம் காடைக் கூண்டு வந்தது.

எட்டுப் பெட்டைக் காடைகள். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, கம்பி வலை அடித்த கூண்டு. தரை லேசாகச் சரிந்திருந்ததால் இட்ட முட்டை எச்சத்தில் கிடக்காமல் உருண்டு முன்னால் வந்து நிற்கும். எச்சம் கீழே தனித் தட்டில் விழும். வீட்டுக்கார அம்மாளை நாம் மாசி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, சேவல் எங்கே என்று இந்தியில் கேட்டார். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை என்று நீ விளக்கினாய். அவர் நம்பவில்லை. "ஆம்பள இல்லாமயே எல்லாம் நடக்குது மாசி. எங்க ரெண்டு பேரையும் பாக்கலியா?" என்றாய். நான் அதை இந்தியில் மாற்றிச் சொன்னேன். மாசி வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போனார்.

காடை கோழியைப் போல் காலையில் இடுவதில்லை, வெயில் சாய்ந்த பிறகு இடும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் நிறைய வேண்டும், இல்லையென்றால் இடுவதை நிறுத்திவிடும். இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பிக்கிறது. கடிகாரம் மெயின்லேண்டுக்கு ஓடுகிறது, சூரியன் மட்டும் நமக்காக ஓடுகிறது. கூண்டுக்கு மேல் ஒரு பல்பைக் கட்டினாய். அதன் வெளிச்சத்திலேயே பொத்தான் தைத்தபடி உட்கார்ந்திருப்பாய். ஒவ்வொரு முட்டையாக உருண்டு வரும்.

அதன் பிறகு நீ செய்ததை இன்றும் என் கைகள் கேட்காமலே செய்கின்றன. கூண்டுக்கென்று தனிச் செருப்பு. உலர்ந்த துணியால் ஒவ்வொரு முட்டையையும் துடைப்பது. விரிசல் விட்டது, அசிங்கமானது எதுவும் உள்ளே வராது. பிறகு பென்சில். சீருடை தைக்கும் சிவப்பு நூலால் கூண்டோடு கட்டித் தொங்கவிட்ட தையல் பென்சில் அது. புள்ளியும் திட்டும் நிறைந்த ஓட்டில் வெளுத்த இடம் தேடி ஒரே ஒரு எழுத்து எழுதுவாய். தி, செ, பு, வி. தேதி எழுதினால் என்ன என்று கேட்டேன். எதற்கு, எட்டாவது நாள் எந்த முட்டைக்கும் இந்த வீட்டில் இடம் இல்லை, கிழமை போதும் என்றாய். எழுதியது மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டுக்குப் போகும், கதவுக்குப் போகாது. கரண்ட் போய் முட்டை வியர்த்துவிட்டால் அன்றைக்கே அவித்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு முழங்கைவரை சோப்பு.

அவிப்பதற்குக் கடிகாரம் பார்க்க மாட்டாய். தண்ணீர் கொதித்த பிறகு ஐந்து பொத்தான் தைக்கும் நேரம். அதற்குக் குறைந்தால் அடுப்பை அணைக்க விடமாட்டாய்.

பிறகு நாம் உட்கார்ந்து உரிப்போம். வெள்ளை உன் தட்டுக்கு, மஞ்சள் என் தட்டுக்கு. இதைப் பற்றி நாம் ஒருபோதும் பேசி முடிவெடுக்கவில்லை. உன்னால் சாப்பிட முடியாததை வீணாக்க உனக்கு மனமில்லை, அந்த நாட்களில் மதியம் டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அது போதாத காலம். "தின்னு. எனக்கு வேணாங்கிறது ஒனக்கு வேணும்" என்பாய். இரண்டு வருடம். என் எலும்பில் பாதி உன் மஞ்சள்கருதான். நன்றி என்று அப்போது ஒருமுறைகூடச் சொல்லவில்லை. உப்பு போதவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஒவ்வொரு காடையும் தன் முட்டையில் ஒரே மாதிரிக் கோலம்தான் போடும் என்பதை நீதான் கண்டுபிடித்தாய். ஒரு மாதத்தில் ஓட்டைப் பார்த்தே யார் இட்டது என்று சொல்ல ஆரம்பித்தாய். மை கொட்டினதுபோல் கறுப்பாக இடுகிறவளுக்கு மைக்காரி என்று பெயர். பொடிப் புள்ளியாக இடுகிறவள் ரவை. எனக்குப் பிடித்தவள் மேப்பு. அவள் முட்டையில் மேலிருந்து கீழாக நீளமாக ஒரு பழுப்புத் திட்டு ஓடும், கீழே தள்ளிச் சின்னச் சின்னப் புள்ளிகள். அச்சு அசலாக நம் தீவுகள். "இது திக்லிபூர். இந்தா, இது நாம" என்று கூர்முனையிலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்து, அடியில் ஒரு புள்ளியில் நிறுத்துவாய். "இது எங்க வீடு." சில நாள் மேப்பு அந்தக் கடைசிப் புள்ளியை விட்டுவிடுவாள். "பாத்தியா, இவளும் கச்சாலுக்குக் கப்பல் விடல" என்று முட்டையை டப்பாவில் வைப்பாய்.

மாசி ஒருநாள் முழங்கால் வலிக்குப் பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடிக்க வேண்டும் என்று கேட்டார். காடை முட்டையில் கிருமி இருக்காது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பச்சையாகத் தரமாட்டேன், அவித்துத்தான் தருவேன் என்றாய். நம் வீட்டு முட்டை, நம் கண்ணெதிரே இட்டது, இதில் என்ன வந்துவிடும் என்று நான் மாசிக்காகப் பேசினேன். "நம்ம வீட்டுதுன்னா கிருமிக்குத் தெரியுமா?" என்றாய். மாசி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவித்ததையே வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குப் புத்தி வந்தது அப்போது அல்ல. அது வர நான் ஒரு தப்பு செய்ய வேண்டியிருந்தது.

இயந்திரத்துக்காக ஊசி குத்தும் கையின் ரத்தக்குழாயைச் சரிசெய்ய நீ மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். காடைகள் என் பொறுப்பு. நீ திரும்பி வருகிற அன்று எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். டப்பாவில் இருந்த முட்டைகள் அத்தனையையும் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். ஒட்டியிருந்த தூசி போனது. பென்சில் எழுத்தும் போனது. பெரிய எவர்சில்வர் தட்டில் வட்டமாக அடுக்கி மேசையில் வைத்தேன். இருபத்துமூன்று முட்டைகள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

நீ கட்டுப் போட்ட கையோடு உள்ளே வந்து தட்டைப் பார்த்தாய்.

"என்னாது இது?"

"கழுவி வெச்சேன்."

"கிழமை?"

"எல்லாம் தாஜாதான்டி" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நாம் இருவருமே கேட்டோம்.

நீ கத்தவில்லை. உட்கார்ந்து ஒற்றைக் கையால் முட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தாய். மேப்பு மூன்று, மைக்காரி மூன்று, ரவை நான்கு. சீருடைத் துணியை அளவு வாரியாகப் பிரிக்கிற அதே நிதானம். எட்டு வரிசை வைத்துவிட்டு, "யாரு போட்டதுன்னு சொல்லிருவேன். எப்பன்னு கேட்டா தெரியாது. அத நீ அழிச்சிட்ட" என்றாய். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது, அதுதான் கிருமியை வெளியே நிறுத்துகிறது என்று அப்போது சொன்னாய். "கஞ்சி போட்டுத்தான் அனுப்புறா. அலசினா கஞ்சி போயிருமா இல்லியா?" குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் வெளி அழுக்கை முட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும், கழுவ வேண்டுமென்றால் அவிப்பதற்குச் சற்று முன்னால் இளஞ்சூட்டில் கழுவு என்றாய்.

சரி, தண்ணீரில் போட்டுப் பார், படுத்தால் புதுசு, நின்றால் பழசு, மிதந்தால் குப்பை, அதுதானே கணக்கு என்று நான் விடாமல் வாதாடினேன். "தண்ணி வயசச் சொல்லும். அழுக்கச் சொல்லாது" என்றாய். இருபத்துமூன்றையும் தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாய்.

எனக்கு வந்த கோபம் சாதாரணமானது அல்ல. ஒரு முட்டைக்கு வழியில்லாமல் எத்தனை வீடு இருக்கிறது, உனக்கு இவ்வளவு திமிரா என்று கேட்டேன். குழிக்குப் போகும் வழியில் இரண்டை எடுத்து, உன் கண்முன்னால் அவித்து, மஞ்சளோடு வெள்ளையும் சேர்த்துத் தின்றேன். மறுநாள் காலை உன் முன்னால் வந்து நின்று, "பாத்தியா, உயிரோடதான் இருக்கேன்" என்றேன்.

நீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாய். நிமிராமல் சொன்னாய்: "நீ தின்னா வயித்து வலி. நான் தின்னா கப்பல்."

கப்பல் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். இங்கே முடியாதவர்களை மெயின்லேண்டுக்கு அனுப்புவது. கச்சாலிலிருந்து அப்படி அனுப்பப்பட்ட உன் அத்தை திரும்பி வரவில்லை. அதை நீ எங்கேயாவது படித்தாயோ இல்லையோ, அந்த ஒரு வரியில் எனக்கு விளங்கிவிட்டது. ஒரே தட்டில் இருக்கிற ஒரே முட்டை எல்லோருக்கும் ஒரே முட்டை அல்ல. உடம்பில் தெம்பு இருக்கிறவன்தான் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியும். அவன் சொல்வதைத்தான் எல்லா இடத்திலும் விதியாக வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பென்சிலை என் கையில் கொடுத்தாய். நான் எழுதினேன், நீ சரிபார்த்தாய்.

செவ்வாய், வெள்ளிகளில் விடுப்புக் கிடைக்கும்போதெல்லாம் உன்னோடு இயந்திர அறைக்கு வருவேன். அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நர்சுகள் தங்கமானவர்கள். முட்டை கொண்டுவருவது ஒரு கான்டிராக்ட்காரர். தள்ளுவண்டியில் அவித்த கோழிமுட்டை வரும், படுக்கைக்கு ஒன்று. முதல்முறை அதை நீ கையில் வாங்கி, இது எந்தக் கிழமை முட்டை என்று கேட்டாய். வண்டிக்காரர் உன்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "கல் கா ஜஹாஜ், தீதி. ஏக்தம் தாஜா." நேற்றைய கப்பல் அக்கா, அசல் புதுசு. நீ ஓட்டை உரித்து அகலமான முனையை அவரிடம் காட்டினாய். கட்டைவிரல் பதிகிற அளவுக்குக் குழி இருந்தது. பழசாக ஆக உள்ளே காற்று கூடும், அவித்தால் அந்த இடம் குழியாக நிற்கும். முகர்ந்தும் காட்டினாய். அவர் அதை வாங்கி வண்டியின் கீழ்த்தட்டில் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

எதிர்ப்படுக்கையில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வுபெற்ற ராவ்காரு இருந்தார். தன் முட்டையை உப்பில் தொட்டுக்கொண்டே, கிடைத்ததே பெரிது, சாப்பிடம்மா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாதவனுக்குக் கொடுப்பதில் கிழமை கேட்கக் கூடாது என்பது யார் போட்ட சட்டம்? கான்டிராக்ட்காரர் வீட்டில் இந்தக் குழி விழுந்த முட்டையைத் தட்டில் வைப்பார்களா? நான் குரலை உயர்த்தினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு டப்பாவோடு வந்தாய். உரித்த காடை முட்டைகள், வெள்ளை மட்டும். ராவ்காருவின் மடியில் வைத்து, "புதன்கெழமை, அண்ணா" என்றாய். அவருக்கு முதலில் புரியவில்லை. மூன்றாம் வாரம் அவரே "ஈ ரோஜு ஏ வாரம் முட்டை?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார், இன்றைக்கு எந்தக் கிழமை முட்டை என்று. நீ இன்னும் ஆறு காடைகள் வாங்கினாய்.

நான் மனு எழுதினேன். நோயாளிகளுக்குத் தரும் முட்டையின் மேல் அது இட்ட கிழமையை எழுத வேண்டும், வேறு ஒன்றும் கேட்கவில்லை என்று இந்தியில் ஒரு பக்கம். அலுவலகத்தில் வாங்கி முத்திரை குத்தினார்கள். பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து நீ கேட்டாய், "மனுவுக்கு எட்டு நாள் தாண்டிருச்சே புள்ள, பொதைச்சிருப்பாங்களா?"

ஒரு சனிக்கிழமை காலை நீ போனாய். முட்டையால் அல்ல. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காடைகள் வந்த நாளிலிருந்து நீ அந்தப் பக்கம் ஒரு கதவைக்கூடத் திறந்து வைக்கவில்லை. தையல் இயந்திரத்தின் மேல் தலை சாய்ந்திருந்தது, நீ தூங்குகிறாய் என்று தான் நினைத்ததாக மாசி சொன்னார். இதயம் நின்றிருந்தது. இப்படி நடக்கும் என்றார் டாக்டர். மூன்று நாள் கிடைக்க வேண்டியவளுக்கு இரண்டு நாள் கிடைத்தால் இப்படி நடக்கும் என்று அவர் முழுவதும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

உன் அப்பா வந்து சேரக் கப்பல் புதன்கிழமைதான் கிடைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர் கூண்டுக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். பறவைகள் அவரைப் பற்றிக் கவலைப்படாமல் கொத்திக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை ஃப்ரிட்ஜைத் திறந்தேன். டப்பாவில் உன் கையெழுத்தில் ஆறு முட்டைகள் இருந்தன. வெ, வெ, வெ, வெ, வெ, வெ. முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ எழுதியவை. ஏழாவது நாள். நான் ஐந்து பொத்தான் நேரம் எண்ணி அவித்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவ எழுதினதாம்மா?"

ஆமாம் என்றேன். அவர் அதை மெல்லச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கச்சாலுக்குக் கொண்டுபோவார் என்று புரிந்தது. கப்பல் எப்போது என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"அத இன்னைக்கே சாப்பிடணும் அப்பா."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே. நாளைக்குன்னா அவ விடமாட்டா."

அவர் பையிலிருந்து எடுத்து, உன் எழுத்து இருந்த ஓட்டுத்துண்டு உடையாமல், நகத்தால் சுற்றிலும் பெயர்த்து உரித்தார். அந்தத் துண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். முட்டையைச் சாப்பிட்டார். மேப்பு இட்டது அது. கடைசிப் புள்ளி இருந்ததா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மீதி ஐந்தையும் நான் தின்றேன். வழக்கம்போல் மஞ்சளை என் பக்கமும் வெள்ளையை உன் பக்கமும் பிரித்து வைத்துவிட்டேன். தட்டில் வெள்ளை அப்படியே இருந்தது. அதையும் எடுத்துத் தின்றேன். உன் வீட்டில் எதுவும் வீணாகக் கூடாது.

இப்போது பதினான்கு காடைகளும் என்னிடம். மேப்புக்கு வயதாகிவிட்டது, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இடுகிறாள். பொத்தான் தைக்கத் தெரியாததால் அடுப்பின் முன்னால் விரலால் தைப்பதுபோல் எண்ணுகிறேன். மாசி பார்த்தால் சிரிப்பார். உன்னிடம் நான் வாங்கிக்கொண்டது பறவைகளை மட்டும் அல்ல. எதையும் நல்லது என்று சொல்லி முடித்துவிடாமல், எப்போதிலிருந்து என்று கேட்கிற ஒரு வாயை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். கவுண்டரில் மேலதிகாரி உன் வேலை விரைவில் நிரந்தரமாகிவிடும் என்றபோது எந்தக் கிழமை சார் என்று கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

இன்று செவ்வாய். பஜாரில் ஏறிய பஸ் என்னை அந்த இயந்திர அறை இருக்கிற இடத்தின் வாசலில்தான் இறக்கியது. விடுப்புக் கிடைக்கிற நாட்களில் இன்னும் போகிறேன். ராவ்காருவுக்கு ஒரு டப்பா. உன் படுக்கையில் இப்போது படுத்திருக்கும் பெண்ணுக்கு ஒன்று. உன்னைவிடச் சின்னவள். டப்பாவை வாங்கியதும், ராவ்காரு சொல்லிக்கொடுத்தபடி, கிழமை கேட்டாள். ஞாயிறு என்றேன். அதன் பிறகுதான் வாயில் போட்டாள்.

அப்போது தள்ளுவண்டி வந்தது. அதே ஆள். அவள் தலைமாட்டில் ஒரு கோழிமுட்டையை வைத்தார். நான் அதை எடுத்து அவர் முன்னால் நீட்டி, இது எந்தக் கிழமை என்று கேட்டேன்.

"நேற்றைய கப்பல்" என்றார் இந்தியில், என் முகத்தைப் பார்க்காமல்.

கப்பலைக் கேட்கவில்லை, கோழியைக் கேட்கிறேன் என்றேன். பையிலிருந்து உன் பென்சிலை எடுத்தேன். சிவப்பு நூல் இன்னும் அதில் இருக்கிறது. நீட்டினேன். ராவ்காரு சாப்பிடுவதை நிறுத்தினார். வண்டிக்காரர் பென்சிலைப் பார்த்தார், வண்டியின் பிடியைப் பார்த்தார்.

"எழுதுங்க பாய். எந்தக் கிழமை?"